தோட்டத்துச் சிறு குழுக்களும் கற்றல் பண்பாடும்: கேரி தீவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் கல்வி வரலாறு பெரும்பாலும் பள்ளிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர் என்னும் கணக்கே அதன் அடிப்படை. பதிவேட்டில் பெயரில்லாத தோட்டத் தொழிலாளர் அவ்வரலாற்றில் 'கல்லாதவர்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். வேலைத்தலத்தையொட்டி அவர்கள் தாமாகவே அமைத்துக்கொண்ட சிறு குழுக்களையும் கருத்திற்கொண்டால் இம்முடிவு மாறும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வேலையின் அமைப்பும் கூடுகையும்

எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கியது கேரி தீவு. மா மெரி மக்களின் வாழ்விடமாகிய இத்தீவைச் சிலாங்கூரின் பெருநிலத்திலிருந்து லங்காட் ஆறு பிரிக்கிறது. இத்தகைய தோட்டத்தில் வேலைத்தலமும் குடியிருப்பும் வெவ்வேறல்ல. உடன் வேலை செய்பவரே லயத்தில் அண்டை வீட்டார்.

இரப்பர்த் தோட்டத்தின் ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டுடன் தொடங்கும். பால்வெட்டும்போது தொழிலாளி தம் நிரையில் தனித்தே நிற்பார். பால் நிறுக்கும் வேளையில்தான் அனைவரும் மீண்டும் ஒன்றுகூடுவர். கியூபாவின் ஹவானா நகரில் 1865ஆம் ஆண்டு முதல் சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் வேலை செய்துகொண்டிருக்க ஒருவர் உரக்கப் படிக்கும் வழக்கம் ஏற்பட்டது. மரத்துக்கு மரம் நடந்து செய்யும் பால்வெட்டில் அதற்கு இடமில்லை. எனவே தோட்டத்தில் படிப்பு மாலைப் பொழுதுக்கு உரியதாயிற்று. கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்', சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகிய இதழ்களை எழுத்தறிந்த ஒருவர் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் மலாயாத் தோட்டங்களில் நிலவியது. இதழ் ஒன்று; வாசகர் பலர். படித்த செய்தியைப் பற்றிய பேச்சே அங்குப் பாடமாயிற்று.

இதனோடு பள்ளியின் நிலையை ஒப்பிடலாம். ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. எனினும் பல இடங்களில் கிராணியோ தண்டலோ ஆசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்த்தனர். சட்டம் கட்டடத்தைத் தந்தது. கற்கும் ஆர்வத்தை வளர்க்க அது போதவில்லை.

1941: ஒரு பட்டியல் காட்டும் உண்மை

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941 மார்ச்சு முதல் மே வரை நிகழ்ந்த வேலைநிறுத்தம் இங்கு முதன்மைச் சான்றாகிறது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றியவர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் ஊதிய உயர்வுடன் பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடை மூடல், பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவையும் இடம்பெற்றன. வயிற்றுப்பாட்டை மட்டும் எண்ணியவர் தந்த பட்டியலன்று இது. உலகச் செய்தியைக் கேட்டு, தம் நிலையோடு ஒப்பிட்டு, கூடிப் பேசிப் பழகியவரின் பட்டியல் எனக் கொள்வதே பொருந்தும். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

எழுதக் கற்ற குழுக்கள்

1948இல் அவசரகாலச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் கூடிப் பேசுதலே ஐயத்துக்குரிய செயலாயிற்று. இக்காலத்தில் கற்றல் இலக்கிய வடிவை நாடியது எனலாம். சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950இல் 'தமிழ் நேசன்' வழியாகத் தொடங்கிய கதை வகுப்பு, கல்லூரி வாசல் மிதியாதவருக்கும் எழுத்துப் பயிற்சி தந்தது. 'தமிழ் முரசு' வளர்த்த மாணவர் மணிமன்றம் இளையோரைக் குழுக்களாக இணைத்தது. கேட்டுக் கற்றவர் எழுதிக் கற்கத் தொடங்கினர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை தோன்றிய காலத்தில், 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் முழக்கத்துடன் சாரங்கபாணி திரட்டிய நிதிக்கு எளிய உழைப்பாளர் வழங்கிய சிறுதொகைகளையும் இப்பின்னணியில் வைத்தே நோக்கவேண்டும்.

முடிவுரை

நிறுவனங்கள் இன்று 'கற்றல் பண்பாடு' எனப் பெரிதாகப் பேசுகின்றன. ஜப்பானில் 1962இல் தோன்றிய தரக் கட்டுப்பாட்டு வட்டங்கள் அதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகின்றன. அவ்வட்டங்கள் ஆலையின் உற்பத்தியை மேம்படுத்தக் கூடின. தோட்டத்துக் குழுக்களோ தம் வாழ்வை மேம்படுத்தக் கூடின. நிருவாகத்தின் ஆணையின்றித் தோன்றியமையே அவற்றின் வலிமை. பதிவேடு எதுவும் விட்டுச் செல்லாமைக்கும் அதுவே காரணம்.

இரப்பர் மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது; களத்தில் உழைப்போர் பெரும்பாலும் அயல்நாட்டவர். பழைய லயத்துக் குடும்பங்கள் கிள்ளான் முதலிய நகர்களில் சிதறி வாழ்கின்றன. அவர்தம் நினைவே எஞ்சிய ஆவணம். தமிழாசிரியர்கள் தம் மாணவர்களின் பாட்டன் பாட்டியரிடம் மூன்று வினாக்களைக் கேட்டுப் பதிவு செய்யலாம்: தோட்டத்தில் இதழைப் படித்துக் காட்டியவர் யார்? எங்கே கூடினீர்கள்? பெண்களுக்கு அங்கு இடமிருந்ததா? மூன்றாம் வினாவை ஆய்வாளர் பெரிதும் கேட்டிலர். விடை கூறத்தக்கவர் குறைந்துவருவதால் முதலில் கேட்கத்தக்கதும் அதுவே.