சளியும் ஃப்ளூவும்: வீட்டு மருந்து எதுவரை, மருத்துவமனை எப்போது?

கன்னியாகுமரி மாவட்டத்திற்கு மழை இரண்டு முறை வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் இந்த மாதங்களில் இருமல் சத்தம் கேட்காத வீடு குறைவு. ஒருவருக்கு வந்தால் நான்கே நாளில் வீடு முழுக்கப் பரவிவிடுகிறது. சுக்கு, மிளகு, தேன், கருப்பட்டி என்று கைவைத்தியமும் உடனே தொடங்குகிறது. இவற்றில் எது பலன் தருகிறது, எது வெறும் பழக்கம், எது ஆபத்து என்பதைத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்திற்கும் அவசியம்.

சளி வேறு, ஃப்ளூ வேறு

சாதாரண சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல் உள்ளன. அவற்றில் ரைனோ வைரஸ் முக்கியமானது. சளி மெதுவாகத் தொடங்கும். தும்மல், மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு என்று வந்து 7 முதல் 10 நாட்களில் போய்விடும்.

ஃப்ளூ என்பது இன்ஃப்ளூயன்சா வைரஸால் வருவது. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் படுத்துவிடுவார். கடும் காய்ச்சல், உடல்வலி, தலைவலி, அசதி எல்லாம் ஒன்றாகத் தாக்கும். 1918-இல் உலகைச் சூழ்ந்த ஃப்ளூ இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 2009-இல் ‘பன்றிக் காய்ச்சல்’ என்ற பெயரில் வந்ததும், 2023 தொடக்கத்தில் எச்3என்2 என்ற பெயரில் பரவியதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

சளி, ஃப்ளூ இரண்டுமே வைரஸால் வருவதால் ஆன்டிபயாடிக் மாத்திரை இவற்றைத் தொடாது. எச்3என்2 பரவிய நேரத்தில், 2023 மார்ச்சில், இந்திய மருத்துவச் சங்கம் இதைத்தான் எச்சரித்தது. மருந்துக் கடையில் சொல்லி வாங்கி இரண்டு நாள் தின்றுவிட்டு நிறுத்தும் ஆன்டிபயாடிக், நாளை உண்மையாகவே தேவைப்படும்போது வேலை செய்யாமல் போகும்.

பலன் தரும் வீட்டு மருந்துகள்

*தேன்:* தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதாகத் திருக்குர்ஆன் ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தில் கூறுகிறது. இருமலுக்குத் தேன் உதவுகிறது என்பதை இன்றைய மருத்துவ ஆய்வுகளும் காட்டுகின்றன. 2020-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சளி இருமலின் தொல்லையைக் குறைப்பதில் வழக்கமான சிகிச்சைகளைவிடத் தேன் மேலாக இருந்தது. படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேனைத் தனியாகவோ இளஞ்சூட்டு நீரிலோ கொடுக்கலாம். தேனீ வளர்ப்புக்குப் பெயர்போன மார்த்தாண்டம் நம் மாவட்டத்திலேயே இருப்பதால் நல்ல தேனுக்கு நமக்குப் பஞ்சமில்லை.

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேனை நாக்கில் தடவக்கூடச் செய்யாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை, அந்த வயதுக் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். பெரிய பிள்ளைகளின் குடல் அதைத் தாங்கிக்கொள்ளும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தேனும் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

*உப்புநீர்:* ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, நாளைக்கு மூன்று நான்கு முறை தொண்டையில் நிறுத்திக் கொப்பளிக்க வேண்டும். தொண்டை வலிக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. கொப்பளித்துத் துப்பத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

*சுக்குக் காப்பி:* நான்கு டம்ளர் தண்ணீரில் கட்டைவிரல் அளவு சுக்கை இடித்துப் போட்டு, பத்து மிளகு, ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, சில துளசி இலைகள் சேர்த்து, மூன்று டம்ளராகும் வரை கொதிக்க விடுங்கள். கருப்பட்டியைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டிச் சேருங்கள். விரும்பினால் இரண்டு கிராம்பு போடலாம். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு நம் மலைகளில் விளைவதுதான். இந்தக் காப்பி வைரஸைக் கொல்லாது. ஆனால் சூடான நீராகாரம் தொண்டைக்கு இதம் தரும், சளியை இளக்கும், உடலின் நீர்ச்சத்தைக் காக்கும். நோயாளிக்கு வேண்டியதும் அதுதான்.

*கஞ்சி:* பசியில்லாதவரைக் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைப்பதைவிட, கஞ்சியும் பயறும் கொடுப்பது நல்லது. இஞ்சி, பூண்டு, வெந்தயம் சேர்த்து நாம் காய்ச்சும் நோன்புக் கஞ்சி, காய்ச்சல்காரருக்கும் ஏற்ற உணவு. அது ரமலானுக்கு மட்டும் உரியதல்ல.

*கருஞ்சீரகம்:* மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழி புகாரியில் பதிவாகியுள்ளது. நோய்க்கும் நோயாளிக்கும் தக்க அளவில், தக்க முறையில் பயன்படுத்த வேண்டும் என்று அறிஞர்கள் இதற்கு விளக்கம் தந்திருக்கிறார்கள். எந்த நோய்க்கும் அவரவர் விருப்பப்படி அள்ளித் தின்னலாம் என்று இதற்குப் பொருளில்லை. உணவில் சேரும் அளவு எல்லோருக்கும் ஏற்றது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருந்தளவில் எடுக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

*மஞ்சள் பால்:* மஞ்சளின் சத்து உடலில் மிகக் குறைவாகவே சேரும். மிளகு அதைக் கூட்டுகிறது என்பதால், பாலில் மிளகும் தட்டிப்போடும் பழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது. தூங்கும் முன் இதமாக இருக்கும். சளியின் நாட்களை இது குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

கசாயங்கள்

தமிழக அரசு 2012 டெங்குப் பரவலின்போது நிலவேம்புக் குடிநீரையும், 2020 கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரையும் மக்களுக்கு வழங்கியது. நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என 9 சரக்குகள் உள்ளன. கபசுரக் குடிநீரில் 15. கபசுரப் பொடி 5 கிராமை 240 மில்லி நீரில் போட்டு, 60 மில்லியாக வற்றக் காய்ச்சி வடிகட்டுவது முறை. அவ்வப்போது காய்ச்சிக் குடிக்க வேண்டும். காலையில் காய்ச்சியதை இரவுக்கு வைக்கக் கூடாது.

மூலிகை என்றாலே தீங்கில்லாதது என்று நினைப்பது தவறு. கபசுரத்தில் சேரும் ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது என்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். இருமலுக்குச் சுவைக்கும் அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தத்தைக் கூட்டும். சந்தேகம் இருந்தால் நாகர்கோவில் கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அரசு மருத்துவமனைகளில் இயங்கும் சித்த மருத்துவப் பிரிவிலோ கேட்டுத் தெளியலாம்.

மூலிகைக்கும் நவீன மருந்துக்கும் பகை எதுவும் இல்லை. சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து, ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை மாதிரியாகக் கொண்டு உருவானது. ஃப்ளூவுக்குத் தரப்படும் ஓசெல்டாமிவிர் மாத்திரையைச் செய்வதற்கான மூலப்பொருள், நாம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் பல வேதி மாற்றங்களுக்குப் பிறகுதான் அது மருந்தாகிறது. பிரியாணி சாப்பிட்டால் ஃப்ளூ போகாது!

செய்யக் கூடாதவை

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சற்று ஆறுதல் தரலாம். ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோவது மருத்துவமனைகள் அடிக்கடி காணும் விபத்து. குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வேண்டாம். பெரியவர்களும் பாத்திரத்தை மடியில் வைக்காமல் தரையிலோ, ஆடாத மேசையிலோ வைக்க வேண்டும்.

சூடத்தை எண்ணெயில் கரைத்துக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதும், சூடம் கலந்த தைலத்தை மூக்கில் தடவுவதும் ஆபத்து. சூடம் உடலுக்குள் போனால் வலிப்பு வரும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தத் தைலங்களே கூடாது. குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா உண்டாகலாம். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் ஆஸ்பிரின், புரூபென் போன்றவற்றை நாமாக விழுங்கக் கூடாது. பாராசிட்டமால் மட்டும், வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் எடுக்கலாம்.

மருத்துவமனைக்கு எப்போது?

தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, இருமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓதி ஊதச் சொல்லி நிற்கும் தாய்மார்களைப் பார்க்கிறோம். ஓதுவதில் தடையில்லை. ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு என்று கற்றுத் தந்த நபிகள் நாயகம் (ஸல்) மருத்துவம் செய்துகொள்ளவும் சொன்னார்கள். ஆகவே ஓதிய கையோடு அந்தக் குழந்தையின் சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு இது:

• 2 மாதத்திற்கு உட்பட்ட குழந்தை: 60 அல்லது அதற்கு மேல்
• 2 மாதம் முதல் 1 வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்
• 1 முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

மூச்சு இந்த வேகத்தில் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, அது நிமோனியாவாக இருக்கலாம். கசாயம் காய்ச்ச நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெரியவர்களும் இந்த அறிகுறிகள் இருந்தால் தாமதிக்கக் கூடாது: மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, மூன்று நாளுக்கு மேல் குறையாத காய்ச்சல், குறைந்துவிட்டு மறுபடி ஏறும் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு. டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகே ஆபத்து தொடங்குவதும் உண்டு. வாகனம் இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு 104 இருக்கிறது. உயர் சிகிச்சைக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஃப்ளூ என்று தோன்றிய முதல் இரண்டு நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓசெல்டாமிவிர் அந்த 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் முழுப் பலன். ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வதும் இவர்களுக்கு நல்லது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் மீனவர்கள், காய்ச்சலோடு படகு ஏறாமல் கரையிலேயே பார்த்துக்கொள்வது தமக்கும் உடன் வருவோர்க்கும் பாதுகாப்பு.

பிறருக்குப் பரவாமல்

தும்மும்போது நபியவர்கள் கையாலோ துணியாலோ முகத்தை மூடிக்கொள்வார்கள். சளிக்காகப் பச்சைப் பூண்டு தின்பவர்களும் உண்டு. அதைத் தின்றவர் வாடை போகும்வரை பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நபிமொழி சொல்கிறது. வெறும் வாடைக்கே இந்தச் சட்டம் என்றால், பக்கத்தில் நிற்கும் முதியவருக்கு நோயையே கொடுக்கக்கூடியவர் என்ன செய்ய வேண்டும்? காய்ச்சலும் இருமலும் உள்ள நாட்களில் ஜமாஅத்தை விட்டு வீட்டில் தொழ மார்க்கத்தில் அனுமதி உண்டு. பிள்ளைகளையும் அந்த நாட்களில் மதரஸாவுக்கும் பள்ளிக்கூடத்திற்கும் அனுப்ப வேண்டாம். சோப்பு போட்டுக் கை கழுவுவது, துண்டையும் டம்ளரையும் தனியாக வைப்பது, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் தருவது ஆகிய மூன்றும் வீட்டில் உள்ள மற்றவர்களைக் காக்கும். மழைக்காலம் தொடங்கும் முன்பே வீட்டில் தேன், உப்பு, சுக்கு, பாராசிட்டமால், ஒரு தெர்மாமீட்டர் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.