ஐஸ் பெட்டியில் சூடு: பார்பெக்யூ பயணத்தின் வரலாறு

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் டெக்சாஸ், கன்சாஸ் பகுதிகளிலும் விறகுத் தணலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெந்த மாட்டு நெஞ்சுக்கறியையோ பன்றித் தோள்கறியையோ அலுமினியத் தாளில் பொதிந்து, பழைய துண்டில் சுற்றி, ஐஸ் பெட்டிக்குள் மூடி வண்டியில் ஏற்றிச் செல்வது இன்று சாதாரணப் பழக்கம். பானங்களைக் குளிர வைக்க வாங்கிய அதே பெட்டிதான் இதற்கும் பயன்படுகிறது. இப்படித் தணலில் மெல்ல வேக வைக்கும் பார்பெக்யூ பல நூற்றாண்டுப் பழமை கொண்டது. இந்தப் பழக்கமோ இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. அதற்கு முன் இறைச்சி பயணம் செய்யவில்லை. உண்பவர்களே அதைத் தேடி வந்தார்கள். அந்த நிலை மாறியபோதுதான் சூடு காக்கும் பெட்டிக்கு வேலை வந்தது.

குழியைத் தேடி வந்த கூட்டம்

பார்பெக்யூவின் வேர் கரீபியத் தீவுகளில் இருக்கிறது. அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் கொம்புகளால் பரண் கட்டி, அதன்மேல் இறைச்சியையும் மீனையும் வைத்து, அடியில் எரியும் தீயின் அனலிலும் புகையிலும் வாட்டினர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் இதைக் கண்டு எழுதி வைத்தனர். வட அமெரிக்கக் குடியேற்றங்களில் பரணின் இடத்தைக் குழி பிடித்தது. நீளமாகப் பள்ளம் வெட்டி, ஓக், ஹிக்கரி விறகைத் தனியே எரித்து, தணலை மட்டும் வாரிப் பள்ளத்தில் இட்டு, அதன்மேல் முழுப் பன்றியை இரவு முழுதும் வேக வைத்தனர். தென் மாநிலங்களில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்கள். தணலின் பதமும் நேரமும் அவர்கள் கைத்திறனில் இருந்தன.

இந்த விருந்துகள் ஊர் கூடும் நிகழ்ச்சிகள். 1769 மே மாதம் வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவில் ஒரு பார்பெக்யூவுக்குப் போய் இரவு அங்கேயே தங்கியதை ஜார்ஜ் வாஷிங்டன் தம் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். பின்னர் தேர்தல் கூட்டங்கள், தேவாலய விழாக்கள், ஜூலை 4 கொண்டாட்டங்கள் எல்லாம் குழியைச் சுற்றியே நடந்தன. இறைச்சி குழியிலிருந்து நேரே வெட்டுப் பலகைக்கும், அங்கிருந்து தட்டுக்கும் போயிற்று. அடியில் தணல் இருக்கும் வரை சூட்டுக்குக் குறைவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடு டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்கள் விற்காமல் மீந்த இறைச்சியைப் புகையிட்டு, கசாப்புக்கடைத் தாளில் வைத்து விற்றனர். லாக்ஹார்ட் ஊரில் 1900இல் தொடங்கிய கிராய்ட்ஸ் மார்க்கெட் அந்த மரபில் வந்தது. 1921இல் டல்லாஸ் நகரில் ஜெஸ்ஸி கிர்பி தொடங்கிய ‘பிக் ஸ்டாண்ட்’ கடையில் காரை விட்டு இறங்காமலே பன்றிக்கறி சாண்ட்விச் வாங்கி உண்ண முடிந்தது. கார் வந்த பிறகும் வாடிக்கையாளர்தான் அடுப்பைத் தேடிப் போனார்.

அடுத்த கட்டத்தில் சமையல்காரர் விருந்து நடக்கும் இடத்துக்குப் பயணம் செய்தார். ஃபோர்ட் வொர்த் நகரின் வால்டர் ஜெட்டன், அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் விருந்துகளுக்குச் சமைத்துப் புகழ்பெற்றவர். 1963 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் லுட்விக் எர்ஹார்டுக்கு ஜான்சன் அளித்த பார்பெக்யூ விருந்து, குளிரின் காரணமாக ஸ்டோன்வால் ஊர்ப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது, சமையல் ஜெட்டனுடையது. இப்படி ஆட்களையும் தளவாடத்தையும் அழைத்து வருவது பெரிய விருந்துக்கே கட்டுபடியாகும். வீட்டுக் கொல்லையில் வெந்த ஒரு துண்டு இறைச்சியை ஐம்பது மைல் தள்ளி இருக்கும் உறவினர் வீட்டுக்குச் சூடாகக் கொண்டுபோக வேறு வழி வேண்டியிருந்தது. அந்த வழி பார்பெக்யூவோடு தொடர்பே இல்லாத இடங்களில் உருவாகிக்கொண்டிருந்தது.

வைக்கோல் முதல் போர்க்களம் வரை

வெந்த உணவைப் பொதிந்து வைத்துச் சூட்டைக் காப்பது மிகப் பழைய உத்தி. ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது என்ற விதியால் யூதர்கள் முந்தைய மாலையே உணவைச் சமைத்துப் பொதிந்து வைத்தனர். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்ட நூல், பானையை எதில் பொதியலாம், எதில் கூடாது என்று பட்டியலே தருகிறது. எரு, உப்பு, சுண்ணாம்பு, மணல் ஆகியவை கூடாது. துணி, தானியம், புறா இறகு, மரத்தூள் ஆகியவற்றில் பொதியலாம். முதல் வகை தானே சூட்டைக் கூட்டும் என்றும், இரண்டாம் வகை இருக்கும் சூட்டைக் காக்க மட்டுமே செய்யும் என்றும் உரைகாரர்கள் விளக்கினர். வெப்பக் காப்பின் அடிப்படை அந்தப் பாகுபாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

நார்வேயைச் சேர்ந்த யோஹான் சோரன்சன் 1867 பாரிஸ் பொருட்காட்சியில் வைத்த சமையல் பெட்டி இதே உத்தியை விற்பனைப் பொருளாக்கியது. கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிக் காப்பிட்ட பெட்டிக்குள் வைத்தால், மிச்சச் சூட்டிலேயே உணவு வெந்துவிடும். வீடுகளில் வைக்கோல் அடைத்த பெட்டியே போதுமானதாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘தீயில்லா அடுப்பு’ என்ற பெயரில் இது பரவியது. காய்ச்சிய மாக்கல் வட்டுகளைப் பாத்திரத்தின் மேலும் கீழும் வைத்துச் சூட்டைக் கூட்டியதும் உண்டு. எரிவாயு, மின்சார அடுப்புகள் மலிந்ததும் அது மறைந்தது. அதே தத்துவத்தில் அமைந்த ‘சூடாறாப்பெட்டி’யைப் பின்னாளில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் அறிவியல் இயக்கம் விறகைச் சேமிக்கும் கருவியாக வீடுகளில் பரப்பியது.

வீட்டில் மறைந்தது படையில் நிலைத்தது. முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு வைக்கோல் பெட்டிகளில் உணவு போயிற்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை, காப்பிட்ட உலோகக் கலங்களைப் பயன்படுத்தியது. ‘மெர்மைட்’ என்று வீரர்கள் அழைத்த அந்தக் கலங்கள் வியட்நாம் போரில் ஹெலிகாப்டரிலும் ஏறின. ஓரிடத்தில் சமைத்து, தொலைவில் சூடாகப் பரிமாறும் முறை இப்படி ஒரு தலைமுறை ஆண்களுக்குப் பழகியது.

குளிருக்காகப் பிறந்த பெட்டி

பெட்டியை இலேசாக்கியது நுரைப் பிளாஸ்டிக். ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937இல் பாலியூரித்தேன் வேதியியலைக் கண்டறிந்தார். நாம் தெர்மோகோல் என்று சொல்லும் நுரைப் பாலிஸ்டைரீன் 1950 வாக்கில் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனத்தில் உருவானது. இவற்றின் நுண்ணறைகளில் சிறைப்பட்ட வாயு அசையாமல் நிற்பதால் வெப்பம் எளிதில் கடப்பதில்லை.

இல்லினாய் மாநிலம் ஜோலியட் நகரின் ரிச்சர்டு லாரமி, கையில் எடுத்துச் செல்லும் ஐஸ் பெட்டிக்கு 1951இல் காப்புரிமை கோரி 1953 டிசம்பரில் பெற்றார். விளக்குகளுக்குப் பேர்போன கோல்மன் நிறுவனம் 1954இல் எஃகு உறையிட்ட பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்து, 1957இல் உள்பக்கத்துக்குப் பிளாஸ்டிக் பூச்சு அமைக்கும் முறையை உருவாக்கியது. டெக்சாஸில் 1947இல் உலோகப் பட்டறையாகத் தொடங்கி, எண்ணெய் வயல் தொழிலாளர்களுக்குத் தண்ணீர்க் கலங்கள் செய்துவந்த இக்லூ நிறுவனம், 1960களில் முழுப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறியது. எல்லாமே பீரும் மீனும் கெடாமல் குளிர்ந்திருக்கச் செய்தவை. காப்புச் சுவருக்கோ திசை கிடையாது. வெளிச் சூடு உள்ளே வராமல் தடுப்பது போலவே உள்ளிருக்கும் சூடு வெளியேறுவதையும் அது தடுக்கும்.

இதற்குத் துணையாக 1947இல் ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் அலுமினியத் தாள் வீட்டுச் சமையலறைக்கு வந்தது. சாறு ஒழுகாமலும் ஆவி போகாமலும் இறைச்சியைப் பொதிய அது உதவியது. உணவக விருந்துத் தொழிலுக்கு, 1951இல் கலிஃபோர்னியாவில் கேம்பல் சகோதரர்கள் தொடங்கிய கேம்ப்ரோ நிறுவனம், நாளடைவில் சூடு காக்கும் பெரிய பிளாஸ்டிக் பேழைகளைச் செய்து தந்தது. அதன் விலைக்கு எட்டாத வீட்டுச் சமையல்காரர்கள் ஐஸ் பெட்டியையே பயன்படுத்தி, அதைப் ‘போலி கேம்ப்ரோ’ என்று சொல்லிக்கொண்டார்கள்.

போட்டிக் களம்

இந்தப் பழக்கத்தைக் கலையாக வளர்த்தவை பார்பெக்யூ போட்டிகள். மெம்ஃபிஸ் நகரின் மே மாத விழாவில் 1978இல் போட்டி தொடங்கியது. கன்சாஸ் சிட்டியின் அமெரிக்கன் ராயல் போட்டி 1980இல் வந்தது. 1980களின் நடுவில் உருவான கன்சாஸ் சிட்டி பார்பெக்யூ சங்கம் நாடு முழுதும் ஒரே விதிமுறையைப் பரப்பியது. அதன்படி கோழி, பன்றி விலா, பன்றித் தோள், மாட்டு நெஞ்சு என நான்கு இறைச்சிகளை அரைமணி இடைவெளியில் நடுவர்களிடம் சேர்க்க வேண்டும். வழக்கமான அட்டவணையில் கோழி பகல் 12 மணிக்கு; நெஞ்சுக்கறி 1.30க்கு. அனுமதித்த நேரத்துக்குப் பிந்தினால் பதிவு தள்ளுபடியாகும்.

நெஞ்சுக்கறி இந்த நேரக் கட்டுக்கு அடங்காது. 65 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரையான கட்டத்தில் மேற்பரப்பு ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விப்பதால், உள்வெப்பம் ஏறாமல் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். எப்போது வேகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே அணிகள் வேண்டிய நேரத்துக்கு நான்கைந்து மணி முன்னதாகவே சமையலை முடிக்கும்படி திட்டமிட்டு, எஞ்சிய நேரத்தைப் பெட்டியிடம் ஒப்படைத்தன. பத்திரப்படுத்தத் தொடங்கிய இந்த இடைவேளை இறைச்சியை மேலும் நன்றாக்குகிறது என்பதும் அவர்களுக்குப் பிடிபட்டது.

பெட்டிக்குள் நடப்பது

நெஞ்சுக்கறி உழைக்கும் தசை. அதில் நிறைந்திருக்கும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் 70 டிகிரிக்கு மேல் மெல்ல ஜெலட்டினாகக் கரைகிறது. 95 டிகிரி அளவில் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் பெட்டிக்குள் இந்தக் கரைவு தொடரும். சூடு தணியத் தணிய ஜெலட்டின் கலந்த சாறு கெட்டியாவதால், வெட்டும்போது பலகையில் வழியாமல் இறைச்சியிலேயே தங்குகிறது. ஒரு குறையும் உண்டு: தாளுக்குள் அடைபட்ட ஆவி, மேலே முறுகிய கரும் பக்கை நெகிழ வைக்கும். அதனாலும், மிச்சச் சூட்டில் அளவு மீறி வேகாமல் இருக்கவும், பெட்டியில் வைப்பதற்கு முன் தாளைச் சில நிமிடம் திறந்து முதல் ஆவியைப் போக விடுவார்கள்.

சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஐந்து கிலோ இறைச்சி 95 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு இறங்கும்போது ஏறத்தாழ 525 கிலோஜூல் வெப்பத்தை இழக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பும் மூன்று சென்டிமீட்டர் நுரைச் சுவரும் கொண்ட பெட்டி, வெளியே 25 டிகிரி இருக்கையில், சுமார் 45 வாட் வீதத்தில் வெப்பத்தை விடும். அப்படியானால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். துண்டு சுற்றினால் நேரம் கூடும்; இரண்டு துண்டு இறைச்சி வைத்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

சமையல்காரர்களின் நடைமுறை இந்தக் கணக்கை ஒட்டியே அமைந்தது. முதலில் பெட்டியில் வெந்நீர் ஊற்றி அரைமணி மூடி வைத்துக் கொட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் பெட்டியின் சுவரே இறைச்சியின் சூட்டைக் குடித்துவிடும். இறைச்சியின் அளவுக்கு மிஞ்சிய பெரிய பெட்டி உதவாது. காலியிடத்தைத் துண்டுகளால் அடைப்பார்கள். விலை குறைந்த பல பெட்டிகளின் மூடி நுரை இல்லாமல் வெற்றுக் கூடாக இருப்பதால் மேல்பக்கத்துக்குக் கூடுதல் துண்டு போவது வழக்கம். இறைச்சி சுவரில் படாமல் தட்டில் வைப்பதும் உண்டு. குளிருக்கென வார்த்த பிளாஸ்டிக் கடும் சூட்டில் கோணிவிடலாம்.

அறுபது டிகிரி என்னும் எல்லை

இதில் ஆபத்து சூடு குறைவதில்தான் இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சமையல் சூட்டில் சாவதில்லை. இறைச்சி மெல்ல ஆறி 45 டிகிரியை நெருங்கும்போது அவை முளைத்து, பத்து நிமிடத்துக்குள் இரட்டிக்கும் வேகத்தில் பெருகும். பெரிய இறைச்சித் துண்டை மூடிய பெட்டியில் மறந்து விட்டுவிடுவது அவற்றுக்குத் தோதான சூழல். எனவே அமெரிக்க வேளாண் துறை 60 டிகிரியைச் சூடான உணவின் கீழ்வரம்பாகச் சொல்கிறது. உணவகங்களுக்கான அரசின் உணவு நெறிமுறை 57 டிகிரி என்கிறது. வரம்புக்குக் கீழே இறங்கிய உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். பழைய சமையல்காரர் தாளின்மேல் கைவைத்துப் பார்த்தார். இன்று இறைச்சியில் செருகிய வெப்பமானிக் கம்பி உள்வெப்பத்தை வெளியே காட்டுவதால் பெட்டியைத் திறக்காமலே நிலவரம் தெரிகிறது.

2006இல் ஆஸ்டினில் சீடர்ஸ் சகோதரர்கள் தொடங்கிய எட்டி நிறுவனத்துக்குப் பின் தடித்த சுவர் கொண்ட பெட்டிகள் பெருகின. டெக்சாஸ் உணவகங்கள் பலவும் இப்போது 60 முதல் 65 டிகிரியில் நிற்கும் மின்பேழைகளில் நெஞ்சுக்கறியை இரவு முழுதும் வைத்திருந்து மறுநாள் வெட்டுகின்றன. போட்டிக் களத்துக் காத்திருப்பு அங்கே சமையலின் ஒரு படியாகவே ஆகிவிட்டது. மின்பேழை தானே சூட்டைக் கொடுப்பது. ஐஸ் பெட்டி இருக்கும் சூட்டை மட்டுமே காப்பது. மின் இணைப்பு கிடைக்காத வண்டியிலும் வயல்வெளி விருந்திலும் போட்டித் திடலிலும் இரண்டாவதே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.