நகையை மேடையேற்றிய நீதிபதி



நான் வாழும் வேளச்சேரியிலிருந்து மேற்கே சில கல் தொலைவு சென்றால், பல்லாவரத்துக்கு அப்பால் பம்மல் என்னும் ஊர் இருக்கின்றது. அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, தமிழ் நாடகத்துக்குப் புதிய வழி வகுத்த ஒரு பெரியவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவரே பம்மல் சம்பந்த முதலியார்.

பிரெஞ்சு நாட்டில் மோலியேர் என்றொரு நாடகாசிரியர் இருந்தார். தாமே எழுதி, தாமே நடித்து, தாமே குழுவை நடத்தி, அந்நாட்டு மக்களைச் சிரிக்க வைத்தவர் அவர். 1673-ஆம் ஆண்டில், மேடையில் நடித்துக்கொண்டிருக்கும்போதே நோய் முற்றி, அன்றிரவே உயிர் நீத்தார். நடிகர் என்பதனால் அவருக்கு முறையான நல்லடக்கம் கிடைப்பதே அரிதாயிற்று. அரசர் தலையிட்ட பின்னரே இரவு வேளையில் அடக்கம் செய்தனர். சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1873-இல் சென்னையில் பிறந்தார் நம் சம்பந்த முதலியார். நடிகனைத் தாழ்வாக நோக்கும் வழக்கம் அப்போது இங்கும் இருந்தது. 'கூத்தாடி' என்ற சொல்லையே வசைச்சொல்லாக வழங்கிய காலம் அது.

இளமையில் சம்பந்த முதலியாருக்கும் தமிழ் நாடகத்தின்மீது மதிப்பு இருந்ததில்லை. இரவெல்லாம் நீளும் பாட்டும், ஒழுங்கில்லாத பேச்சும் அவரைக் கவரவில்லை. 1891-இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசார்யலு என்னும் தெலுங்கு நாடகாசிரியர் தம் சபையாரோடு சென்னைக்கு வந்தார். அவர்கள் கூலிக்கு நடிப்பவர் அல்லர். கற்றவர்கள், பதவியில் உள்ளவர்கள். அவர்களது நாடகத்தைக் கண்ட இளைஞரின் உள்ளம் மாறியது. தெலுங்கில் இயன்றது தமிழில் இயலாதா என்று எண்ணினார். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளில் நண்பர்களோடு கூடிச் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. உங்களிற் பலருடைய வயதுதான்!

பின்னர் அவர் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார். பகலில் நீதிமன்றம், மாலையில் ஒத்திகை. இரண்டில் ஒன்றை மற்றொன்றுக்காக அவர் கைவிடவில்லை. சபையில் சேர்ந்தவர்களும் அத்தகையோரே. பின்னாளில் நாடறிந்த தலைவராக விளங்கிய சத்தியமூர்த்தி அச்சபை மேடையில் நடித்தவர். பெண்கள் மேடையேறாத அக்காலத்தில், பெண் வேடத்தில் பெயர் பெற்ற அரங்கவடிவேலு, சம்பந்த முதலியாரின் உயிர்நண்பர். சென்ட்ரல் நிலையத்தருகே செந்நிறமாக நிற்கும் விக்டோரியா மண்டபத்தைக் காணும்போது, இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்த சீர்திருத்தங்கள் எளியவை, ஆனால் ஆழமானவை. பாட்டைக் குறைத்து உரையாடலை முதன்மையாக்கினார். நடிகர்கள் வாயில் வந்ததைப் பேசுவதை ஒழித்து, எழுதிய வசனத்தை மனப்பாடம் செய்யவைத்தார். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துள் அடக்கினார். 1893-இல் 'புஷ்பவல்லி'யும், 1895-இல் 'மனோகரா'வும் அரங்கேறின. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' அவர் கையில் 'அமலாதித்யன்' ஆயிற்று. தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை அவர் இயற்றினார்.

அவற்றுள் அவருடைய நகைச்சுவை தனித்து ஆராயத்தக்கது. பொய்யே பேசாத அரிச்சந்திரனை நாம் அறிவோம். மெய்யே பேசாத அரசன் ஒருவன் இருந்தால் எப்படியிருக்கும்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே 'சந்திரஹரி'. 'சபாபதி'யிலோ செல்வர் ஒருவரும் வேலையாள் ஒருவனும் வருகின்றனர். இருவர் பெயரும் சபாபதியே. 1941-இல் பிரகதி பிக்சர்ஸ் நிறுவனம் இதனைப் படமாக்கியது. டி. ஆர். இராமச்சந்திரன் செல்வராகவும், காளி என். இரத்தினம் வேலையாளாகவும் நடித்தனர். சோடாவை உடைத்து வரச் சொன்னால், வேலையாள் புட்டியையே உடைத்து விடுகின்றான். சொல்லின் குறிப்பை விட்டு, சொல்லை மட்டும் பற்றிக்கொள்ளும் பேதைமை அது. நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைத் தொல்காப்பியர் கூறுகின்றார். 'சபாபதி' பேதைமைக்கும் மடனுக்கும் எழுதிய உரை எனலாம்.

திரைப்படத்தையும் அவர் புறக்கணிக்கவில்லை. 1936-இல் வெளிவந்த 'மனோகரா' படத்தில், அறுபதைக் கடந்த வயதில், தாமே அரசர் வேடம் பூண்டார். 1954-இல் சிவாஜி கணேசன் நடிப்பில் அந்நாடகம் மீண்டும் படமாகிப் பெரும்புகழ் பெற்றது. 1959-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. 1964-இல் அவர் மறைந்தார்.

இங்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, மாணவன் ஒருவன் ஆண்டு விழாவில் 'சபாபதி'யின் ஒரு காட்சியை நடிக்க அனுமதி கேட்டான். தேர்வு நெருங்குகிறது, வேடிக்கைக்கு நேரமில்லை என்று மறுத்துவிட்டேன். அவன் வாதாடவில்லை, வணங்கிச் சென்றான். அதன்பின் அவன் எதற்கும் என் அறை வாயிலுக்கு வந்ததில்லை. ஓய்வு பெற்ற பின்னர், சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' நூலைப் படித்தேன். படிப்பையும் நடிப்பையும் ஒருங்கே பேணிய அம்மனிதரின் வாழ்க்கை, என் மறுப்பிலிருந்த பிழையை எனக்கு உணர்த்திற்று.

மோலியேர் மேடைக்காக மதிப்பை இழந்தார். சம்பந்த முதலியார் தம் மதிப்பை மேடைக்கு அளித்தார். நீதிபதி ஒருவர் மேடையேறியபோது, 'கூத்தாடி' என்ற சொல்லின் கசப்பு சிறிது குறைந்தது. அருமை மாணவர்களே, பிறரைச் சிரிக்க வைக்கும் ஆற்றல் உங்களிடம் இருந்தால் அதற்காக நாணாதீர்கள். அதனையும் ஒரு பாடமாகக் கருதி முறையாகப் பயிலுங்கள். உங்கள் ஆசிரியர் மறுத்தால், பணிவோடு ஒருமுறை மீண்டும் கேளுங்கள்.