முக்குளிப்புக் கைக்கடிகாரம்

முக்குளிப்புக் கைக்கடிகாரம் என்பது, சமுத்திரத்தின் அடியில் மூழ்கித் தொழில் புரிவோர் தாம் நீருக்குள் கழித்த நேரத்தை இருளிலும் பிழையின்றி அறியும்பொருட்டு, நீர் உட்புகாதவாறு இறுக மூடிய உலோகக் கூட்டுக்குள், சுருள்வில்லின் விசையால் ஓடும் யந்திரத்தை அடக்கிச் செய்த கடிகார வகையாகும். கடைக்காரர்கள் ‘டைவர் வாட்ச்’ என்பார்கள். கடலில் இறங்குவோருக்கென்று தோன்றிய இவ்வஸ்து இன்று பெரும்பாலும் கடலில் இறங்காதவர்களாலேயே வாங்கப்படுகிறது என்பது உலகெங்கும் உள்ள விந்தையே ஆயினும், 1985இல் ராமநாதபுரத்தினின்று பிரிந்தபோது கடற்கரையை முழுவதும் அப்பால் விட்டுவந்த விருதுநகர் ஜில்லாவில் அவ்விந்தை இரட்டிப்பாகிறது. மழை குறைந்து காற்று உலர்ந்திருப்பதையே மூலதனமாகக் கொண்டு தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைக்கும் சிவகாசி, சாத்தூர் பிரதேசத்தில், முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும் கடிகாரம் ஒருவருடைய மணிக்கட்டில் என்ன செய்கிறது என்ற கேள்வி பரிகாசமாகத் தோன்றலாம். விடை அவ்வளவு எளிதன்று.

கடிகாரம் இல்லாமலே கடலடியில் நேரம் கணித்த மரபு தமிழ்நாட்டுக்கு உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களிலும் சங்குப் படுகைகளிலும் குளித்தவர்கள், கல்லொன்றின் பாரத்தால் ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இறங்கி, மூச்சு அடங்கியிருக்கும் ஒரு நிமிஷத்துக்குச் சற்று முன்பின்னான அவகாசத்தில் கைக்கு அகப்பட்டதைக் கூடையிலிட்டு, கயிற்றை அசைத்ததும் தோணியிலிருப்பவன் இழுக்க மேலே வந்தார்கள். அவர்களுக்கு மார்பே கடிகாரம். அதற்குச் சாவி கொடுப்பாரில்லை. இரு கைகளையும் விரித்த நீளமாகிய பாகம் என்னும் அந்த அளவு ஆங்கிலேயருடைய கடலளவைக்கு ஏறக்குறையச் சமமானது, சுமார் ஆறடி. தூத்துக்குடியில் அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நிகழ்ந்தது. இந்தியாவிலேயே கைக்கடிகாரம் செய்வதென்று ஹெச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு பெங்களூரில் முதல் கடிகாரங்களை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான் என்பது, இரண்டுக்கும் சம்பந்தமில்லையாயினும், நினைவில் வைக்கத் தக்கது.

நீர் புகாக் கூட்டின் சரித்திரம் 1926இல் ரோலக்ஸ் கம்பெனி ‘ஆய்ஸ்டர்’ என்ற பெயரில் திருகி மூடும் கூட்டை வெளியிட்டதோடு பிரசித்தி பெறுகிறது. மறு ஆண்டு மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் ஆங்கில மாது ஆங்கிலக் கால்வாயின் குளிர்ந்த நீரில் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியபோது அவ்வகைக் கடிகாரம் ஒன்றைத் தம்மோடு கொண்டிருந்தார். ஆயினும் முக்குளிப்புக்கென்றே வகுத்த இலக்கணம் 1953இல்தான் திரண்டது. பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களான ராபர்ட் மலூபியே, குளோட் ரிஃபோ என்ற இரு அதிகாரிகள் தங்களுக்கு வேண்டிய கடிகாரத்தின் லட்சணங்களை எழுதி வைத்துக்கொண்டு செய்வாரைத் தேட, தாமே கடலில் மூழ்கும் பழக்கமுள்ள பிளாங்பா கம்பெனித் தலைவர் ழான்-ழாக் ஃபீஷ்டர் அதைச் செய்து கொடுத்தார். அதற்கு அவர் சூட்டிய பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஐம்பது பாகம்’. தூத்துக்குடிச் சங்கு குளிப்போனுக்கு மொழிபெயர்க்காமலே விளங்கக்கூடிய பெயர். ரோலக்ஸின் ‘சப்மரைனர்’ அதே ஆண்டில் உருவானது. ஜப்பானின் செய்கோ 1965இல் இவ்வரிசையில் சேர்ந்தது.

நேரம் இத்தனை முக்கியமானதற்குக் காரணம் உண்டு. அழுத்தமான காற்றைச் சுவாசித்து ஆழத்தில் இருப்பவனுடைய ரத்தத்தில் நைட்ரஜன் கரைகிறது. தங்கிய நேரத்துக்கு ஏற்ப நின்று நின்று மேலே வராவிடில் அது குமிழியாய் வெளிப்பட்டு உடலை முடக்கும், சில வேளை உயிரையும் கொள்ளும். ஆகவேதான் டயலைச் சுற்றி நிமிஷக் கோடுகளிட்ட வளையம் ஒன்று அமைந்தது. இறங்கும்போது அதன் குறியை நிமிஷ முள்ளுக்கு நேரே நிறுத்திவிட்டால், கழிந்த நேரத்தைப் பின்னர் ஒரு பார்வையில் படிக்கலாம். வளையம் இடப்புறமாக மட்டுமே சுழலும். பாறையில் இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமேயன்றிக் குறைத்துக் காட்டாது. மூழ்கியவன் முன்னதாகவே மேலே வந்துவிடுவான். தவறினாலும் உயிரின் பக்கமே தவறும்படி செய்த இவ்வேற்பாட்டை, இக்கடிகாரத்தின் தலையாய யுக்தி என்று சொல்லத் தயக்கமில்லை.

இவ்வகைக் கடிகாரத்தோடு தமிழ்நாட்டுக்கு வேறோர் உறவும் உண்டு. அதை அறிந்தவர் சிலரே. 1737இலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் ஃபேவர்-லூபா என்னும் சுவிஸ் நிறுவனம் 1865இலேயே பம்பாய்க்கு வந்து வியாபாரம் தொடங்கியது. அதன் ‘சீ சீஃப்’, ‘சீ கிங்’ என்னும் கடிகாரங்கள் மாப்பிள்ளைக்குப் போடும் கடிகாரமாகச் சென்ற தலைமுறையில் நம் நாட்டு வீடுகளிலும் புழங்கின. பெயரில் கடல் உண்டே தவிர, அவை கடலுக்கானவை அல்ல. ஆனால் அதே நிறுவனம் 1968இல் வெளியிட்ட ‘பாத்தி’ கடிகாரமோ, நேரத்தோடு ஆழத்தையும் ஒரு முள்ளால் காட்டிய அபூர்வ யந்திரம். நீரின் அழுத்தத்துக்கு வளைந்துகொடுக்கும் மெல்லிய தகடு ஒன்று முள்ளை நகர்த்தும்; ஐம்பது மீட்டர் வரை அளக்கும். குவார்ட்ஸ் கடிகாரம் வந்து சுவிஸ் யந்திரக் கடிகாரத் தொழிலைச் சாய்த்தபோது ஃபேவர்-லூபாவும் சாய்ந்தது. அப்பெயரை 2011இல் விலைக்கு வாங்கியது டைட்டன். டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் கூடி 1984இல் தோற்றுவித்து ஓசூரில் ஆலை நிறுவிய நிறுவனம் அது. அதன் பங்குகளில் கால் பங்குக்கு மேல் இன்றும் டிட்கோவின் வசம் உள்ளது. எனவே சில காலம் தமிழ்நாட்டு அரசாங்கமே ஒரு சுவிஸ் முக்குளிப்புக் கடிகாரத்தின் மறைமுகப் பங்காளியாய் இருந்தது எனலாம். அக்காலத்தில் 120 மீட்டர் வரை ஆழம் காட்டும் புதிய ‘பாத்தி’யும் வெளிவந்தது. வியாபாரம் செழிக்கவில்லை; பெயர் இப்போது எத்தோஸ் குழுமத்திடம் இருக்கிறது.

முக்குளிப்புக் கடிகாரம் என்று டயலில் எழுத ஐ.எஸ்.ஓ. 6425 என்னும் சர்வதேச விதி சில பரீட்சைகளை விதித்திருக்கிறது. கடிகாரம் குறைந்தது நூறு மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கவேண்டும், குறித்த ஆழத்தின் அழுத்தத்தைப்போல் ஒன்றேகால் மடங்கில் சோதிக்கப்படவேண்டும், இருளில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மணி படிக்கக்கூடியதாய், கடிகாரம் ஓடுகிறது என்பதும் தெரிவதாய் இருக்கவேண்டும், உப்புநீரில் ஊறவேண்டும். மாதிரிக்கு ஒன்றிரண்டை அல்ல, கடிகாரம் ஒவ்வொன்றையும் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தவேண்டும் என்பது இதன் விசேஷம். சாதாரணக் கடிகாரத்தில் காணும் ‘30 மீட்டர்’ என்ற எழுத்தோ, கை கழுவினால் பயமில்லை என்பதற்கு மேல் அதிகம் சொல்வதில்லை. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். கரிசல் காட்டின் அறுபதடிக் கிணறு வாய்வரை நிரம்பி, அதன் தரையைத் தொட்டு வந்தாலும் கூடுவது இரண்டு வளிமண்டலத்துக்கும் குறைவே. ஆகையால் இப்பிரதேசத்தில் வாங்குவோர் ‘இருநூறா, முந்நூறா, ஆயிரமா’ என்று ஆழத்துக்கு விலை கொடுப்பது வீண். ஆழம் கூடக் கூடக் கூடு தடிக்கும்; சட்டைக் கை மேலேறாது. நூறும் இருநூறும் தாராளம்.

இனி ஒளியைப் பற்றிச் சொல்லவேண்டும். சிவகாசிக்காரர் பிறரைவிட நன்கு அறியக்கூடிய பகுதி இதுவே. ஆதியில் முட்களிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பூச்சைத் தடவினார்கள். அது தானே ஒளிவிடும். தடவிய பெண்களின் எலும்பையும் அரித்தது. ரேடியத்துக்குப் பின் டிரிட்டியம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் வீரியம் பாதியாகும். 1993இல் ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி, கதிரியக்கம் சிறிதுமில்லாத ஸ்டிரான்சியம் அலுமினேட் பூச்சைக் கண்டு வெளியிட்டபின் மற்றவை பெரும்பாலும் ஒழிந்தன. ரேடியம் ஒழிந்தும் அதன் பெயர் ஒழியவில்லை: இருளில் மின்னும் எதையும், லாரியின் பின்புறம் ஒட்டும் காகிதத்தையும்கூட, நம் ஜனங்கள் இன்றும் ரேடியம் என்றே அழைக்கிறார்கள்.

ஸ்டிரான்சியம் சிவகாசிக்கு அந்நியப் பொருளன்று. மத்தாப்பின் சிவப்பு ஸ்டிரான்சியம் நைட்ரேட்டால் விளைவது; பச்சை நெடுங்காலம் பேரியத்தால் விளைந்தது, உச்ச நீதிமன்றம் 2018இல் பேரிய உப்புகளைத் தடை செய்யும்வரை. நெருப்பில் சிவப்பாய்ச் சீறும் அதே ஸ்டிரான்சியம், கடிகார முள்ளில் பச்சையாய் அமைதியுடன் ஒளிர்வதற்கு என்ன காரணம்? நெருப்பில் ஒளிர்வது ஸ்டிரான்சியமே. முள்ளிலோ அது வெறும் வீடு, உள்ளே சிறிதளவு கலந்த யூரோப்பியமே விளக்கு. பகலில் உண்ட வெளிச்சத்தை டிஸ்புரோசியம் என்னும் மற்றொரு தனிமம் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுவிக்க, யூரோப்பியம் அதைப் பச்சையாக உமிழ்கிறது. ஒன்று எரிந்து தீர்வது, மற்றது நாள்தோறும் வெயிலில் நிரம்புவது. ‘குட்டி ஜப்பான்’ என்று பெயர் பெற்ற ஊரார் ஜப்பானியர் கண்ட இப்பூச்சைத் தம் உறவாகவே கொள்ளலாம். பழைய கடிகாரம் வாங்கும் ஆசையுள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1960க்கு முற்பட்ட டயல் இருளில் மங்கிவிட்டதென்று அலட்சியமாய்த் திறந்து சுரண்டக் கூடாது, மங்கியது பூச்சேயன்றி ரேடியம் அன்று, அதன் வீரியம் பாதியாக 1,600 ஆண்டு வேண்டும்.

நீரில்லா நிலத்தில் இக்கடிகாரத்தின் மெய்யான பிரயோஜனம் தூசியையும் வியர்வையையும் தடுப்பதில் இருக்கிறது. பட்டாசுத் தொழிலில் புழங்கும் அலுமினியப் பொடி தோலின் ரேகைகளில் படிந்து கையையே வெள்ளியாக்கிவிடும். நீரை விடாத வாஷர் அப்பொடியையும் விடாது. எனினும் மருந்து கலக்கும் அறைக்குள் இதைக் கட்டிச் செல்வது தகாது. பொறி எழலாம் என்று இரும்புக் கருவியையே விலக்கி, மரமும் பித்தளையும் கையாளும் இடத்தில் எஃகுச் செயினுக்கு என்ன வேலை? ஆபீஸ் அறையின் மேசையில் கழற்றி வைப்பதே முறை.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது, சாவி கொடுக்கும் திருகு மரையில் இறங்கி இறுகுவதாய் இருக்கிறதா என்பது. உயர்ந்த கடிகாரங்களில் நீர் புகுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கூட்டின் குறையாயிராது. தேதி மாற்றியபின் திருகை இறுக்க மறந்த உடையவரே. குற்றாலத்தில் சீசனுக்கு அருவியில் நிற்பவர்கள் இதை இருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொள்வதற்கு முன் தோல் வாரையும் கழற்றிவிடவேண்டும். கண்ணாடி செயற்கை நீலக்கல்லாயின் கரிசல் மணலும் அதைக் கீறாது. யந்திரம், கை அசைவால் தானே முறுக்கேறும் ஆட்டோமேடிக்காக இருப்பது நலம். திருகைத் தினமும் திறக்கவேண்டியதில்லை. நாளொன்றுக்கு நான்கு விநாடி பிந்தியும் ஆறு விநாடி முந்தியும் செல்வதைச் சுவிஸ் குரோனோமீட்டர்ச் சான்று அனுமதிக்கிறது. பாட்டரியால் ஓடும் மலிவான கடிகாரம் இதைவிடச் சரியாக மணி காட்டும் என்பதை ஒளிக்கவேண்டியதில்லை. மணிக்காக மட்டும் இதை வாங்குபவர் ஏமாறுவார். மெய்யாகவே மூழ்குவோரும் இன்று ஆழத்தைக் கணிக்கும் சிறு கம்ப்யூட்டரையே நம்புகிறார்கள்.

விலையைப் பற்றி வியாபாரிகளின் ஊரில் அதிகம் சொல்ல வேண்டா. இரண்டு லட்ச ரூபாய்க்கு மேற்பட்டால் பான் எண் தரவேண்டும். பத்து லட்சத்துக்கு மேற்பட்டால் 2025 ஏப்ரல் முதல் நூற்றுக்கு ஒன்று வருமான வரிக்கணக்கில் பிடிக்கப்படும், பின்னர் ஈடு செய்துகொள்ளலாம். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளுடன் 2024இல் கையெழுத்தான வியாபார ஒப்பந்தத்தால் இறக்குமதித் தீர்வை படிப்படியாய்க் குறையும், அவசரமில்லாதவர் பொறுக்கலாம். பெட்டியும் சான்றிதழும் இல்லாமல் ‘துபாயிலிருந்து வந்தது’ என்று சொல்லி விற்பதை வாங்குவதைவிட வாங்காதிருப்பது லாபம்.

வாஷர்கள் ரப்பர்; வெயிலிலும் வியர்வையிலும் இறுகி வெடிக்கும். ஆகையால் ஆண்டுக்கொரு முறை நீர்ச் சோதனையும், சில ஆண்டுகளுக்கொரு முறை யந்திரத்தைப் பிரித்து எண்ணெயிடுவதும் அவசியம். விருதுநகர் பஜாரில் கண்ணில் லென்ஸ் பொருத்தி உட்கார்ந்திருக்கும் பழுது பார்ப்போரிடம் கைத்திறமைக்குக் குறைவில்லை, ஹெச்.எம்.டி.யைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவார்கள். ஆனால் பின்மூடியை ஒருமுறை திறந்துவிட்டால் வாஷரை மாற்றி, அழுத்தக் கருவியில் வைத்துச் சோதித்தபின்னரே அது மறுபடியும் முக்குளிப்புக் கடிகாரமாகும். அக்கருவி உள்ள மதுரைக்கோ சென்னைக்கோ கொண்டுபோகும் வரையில், டயலில் எழுதியிருப்பது எத்தனை மீட்டராயினும், அதைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கலாகாது.