கௌரவ உறுப்பினருக்கு வாக்கு உண்டா?

நாம் அறிந்த ஓர் அஞ்சுமனில் சில ஆண்டுகளுக்கு முன் நிர்வாகிகள் தேர்தல் நடந்தது. மதரஸா கட்டடத்துக்குப் பெருந்தொகை வழங்கியோரும் மூத்த ஆலிம்களுமாக ஒன்பது பேர் அங்கே கௌரவ உறுப்பினர்கள். அவர்கள் வாக்களிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. பைலாவைப் புரட்டினால், கௌரவ உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஒரே வரிதான் இருந்தது. அன்று விளைந்த மனக்கசப்பு இரண்டு பெருநாள்களைக் கடந்தும் ஆறவில்லை.

கௌரவம் வேறு, உறுப்புரிமை வேறு. சங்கம் என்ற அமைப்பு நம் நாட்டில் வேரூன்றிய காலத்திலேயே இந்த இடைவெளி தெரிகிறது. 1784 ஜனவரி 15 அன்று கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவினார் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ். தலைமைப் பதவியை ஏற்க மறுத்த கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் புரவலராகப் போற்றப்பட்டார். நமது வாரிசுரிமைச் சட்ட நூலான ஸிராஜிய்யாவை ஜோன்ஸ் 1792இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அக்கால நீதிமன்றங்களில் ஷரீஅத் சட்டத்தை எடுத்துரைத்தவர்கள் மௌலவிகள். ஆயினும் 1829 வரை இந்தியர் எவரும் அக்கழகத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்படவில்லை. அறிவை நம்மவரிடம் பெற்றார்கள். பட்டியலில் நம்மவருக்கு இடமில்லை.

பின்னர் 1860இல் சங்கங்கள் பதிவுச் சட்டம் வந்தது. இங்கிலாந்தின் 1854ஆம் ஆண்டுச் சட்டமொன்றைத் தழுவியது அது. விதிகளின்படி சேர்க்கப்பட்டு, சந்தா செலுத்தியோ உறுப்பினர் பதிவேட்டில் கையொப்பமிட்டோ, விலகாமல் இருப்பவரே உறுப்பினர் என்கிறது அதன் 15ஆம் பிரிவு. மூன்று மாதத்துக்கு மேல் சந்தா நிலுவை வைத்தவருக்கு வாக்கு இல்லை. அவர் உறுப்பினராக எண்ணப்படவும் மாட்டார். கௌரவ உறுப்பினரைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. சந்தாவே கேட்கப்படாதவருக்கு நிலுவை ஏது? பதிவேட்டில் கையொப்பம் வாங்கியிருந்தால் அவர் முழு உறுப்பினர் என்று வாதிடலாம். வாங்காவிட்டால் உறுப்பினரே அல்லர் என்றும் வாதிடலாம். (வழக்கறிஞர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!) தமிழ்நாட்டுக்கென 1975இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழும் சங்கம் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். ஆகவே அந்த ஒற்றை வரியை எழுதியவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தை எந்த அரசாங்கமும் வந்து நிரப்பாது.

எழுதவேண்டியது அதிகமில்லை. கௌரவ உறுப்பினரை நியமிப்பது நிர்வாகக் குழுவா, பொதுக்குழுவா? காலம் எவ்வளவு? கூட்டத்தில் பேசலாமா, வாக்களிக்கலாமா, போட்டியிடலாமா? குறைவெண் கணக்கில் அவர் சேருவாரா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் வாழும் கௌரவ உறுப்பினர்களையும் கணக்கில் சேர்த்தால், வராதவர்களின் பொருட்டு மஹல்லாவின் கூட்டமே கூட முடியாமல் போகலாம்.

அந்த அஞ்சுமன் பின்னர் விதியைத் திருத்தியது. கௌரவ உறுப்பினர் கூட்டத்துக்கு வரலாம், ஆலோசனை கூறலாம். வாக்கு இல்லை, குறைவெண்ணிலும் சேரார். திருத்தத்தை முன்மொழியுமாறு செயலாளரிடம் வற்புறுத்தியவர் அந்த ஒன்பது பேரில் மூத்தவரான ஓர் ஆலிம்.