பாதசாரிகளுக்கான ஒலி, தொடு சிக்னல்

சாலையைக் கடக்கும் வேளை வந்துவிட்டதை விளக்கின் நிறத்தால் மட்டுமன்றி ஒலி, அதிர்வு, தொட்டுணரும் குறி ஆகியவற்றாலும் தெரிவிக்கும் போக்குவரத்து அமைப்பு. பார்வையற்றோருக்காக உருவானது, பின்னர் குறைபார்வையுடையோர், கண்ணும் காதும் ஒருசேரப் பாதிக்கப்பட்டோர், சக்கர நாற்காலியில் செல்வோர், மெதுவாக நடக்கும் முதியோர் ஆகியோரின் தேவைகளையும் உள்ளடக்கி விரிந்தது. இந்தியாவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது. நடப்பதே வழிபாடாக விளங்கும் திருவண்ணாமலை போன்ற கோயில் நகரங்களில் இதற்குத் தனித் தேவையும் தனிச் சிக்கல்களும் உள்ளன.

தேவை

பார்வையற்ற ஒருவர் சாலைச் சந்திப்பில் வண்டிகளின் ஓசையைக் கேட்டே முடிவெடுக்கிறார். தமக்குக் குறுக்கே ஓடிய வண்டிகள் நின்று, பக்கவாட்டில் இணையாக நிற்பவை கிளம்பினால் கடக்கலாம் என்பது அவர் கணக்கு. இந்தியச் சந்திப்புகளில் இக்கணக்கு எளிதில் பொய்க்கும். ஹாரன் ஒலி மற்ற ஓசைகளை அமுக்குகிறது. மின்சார ஸ்கூட்டர்கள் ஓசையின்றி வருகின்றன. ‘ஃப்ரீ லெஃப்ட்’ உள்ள இடங்களில், பாதசாரிக்குப் பச்சை எரியும்போதும் இடப்பக்கம் திரும்பும் வண்டிகள் நிற்பதில்லை.

செவித்திறன் இழந்தவருக்கு ஒலி பயன்படாது. மீதமுள்ள விநாடிகளைக் காட்டும் எண்பலகை உதவும். நிறக்குருடு உள்ளவருக்கு நிற்கும் உருவம், நடக்கும் உருவம் என்ற வடிவ வேறுபாடே துணை. ஊன்றுகோலுடன் நடப்பவருக்கு வேண்டியது கூடுதல் நேரம். ஆகவே ஒரே கருவி பல புலன்களுக்கும் பல நடைவேகங்களுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

வரலாறு

ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965-இல் தொட்டுணரும் தரை ஓடுகளை உருவாக்கினார். அவை 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. அந்நாட்டின் சிக்னல்களில் மெல்லிசையும் குயில் முதலிய பறவைக் குரல்களும் ஒலித்தன. ஆஸ்திரேலியாவில் 1980-களில் ஒலியையும் அதிர்வையும் இணைத்த பொத்தான்பெட்டி பரவியது. பிரிட்டனில் பொத்தான்பெட்டியின் அடியில் சிறு கூம்பு ஒன்று பொருத்தப்படுகிறது. பச்சை எரியும்போது அது சுழலும். விரலால் தொட்டு அறியலாம். ஓசை எழுப்பாததால் குடியிருப்புகளுக்கு ஏற்றது. காது கேளாத பார்வையற்றோருக்கும் பயன்படும்.

பறவைக் குரல்களுக்குப் பின்னர் எதிர்ப்பு எழுந்தது. உண்மையான பறவையின் குரலோடு குழம்பும் என்பதும், எந்தக் குரல் எந்தச் சாலைக்கு உரியது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதும் காரணங்கள். அமெரிக்கச் சாலைக் குறியீட்டுக் கையேட்டின் 2009 பதிப்பு, விநாடிக்கு 8 முதல் 10 முறை தட்டும் ஓசையை விதித்தது. இவ்வகைச் சிக்னல்களுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 23600 என்ற எண்ணில் 2007-இல் வெளியானது.

இயங்கும் முறை

கம்பத்தில் உள்ள பொத்தான்பெட்டி இரண்டு வகை ஓசைகளைத் தருகிறது. விநாடிக்கு ஒருமுறை மெல்லக் கேட்கும் ‘டிக்’ ஓசை பொத்தான் இருக்குமிடத்தைக் காட்டும். சில அடி தொலைவுக்குள் கேட்டால் போதும். கடக்கும் நேரம் வந்ததும் விரைந்து தட்டும் ஓசை தொடங்கும். பெட்டியின்மீது மேடாக அமைந்த அம்புக்குறி கடக்க வேண்டிய திசையைக் காட்டும். பச்சையின்போது அது அதிரும். நல்ல கருவிகளில் சுற்றுப்புற இரைச்சலைக் கேட்கும் ஒலிவாங்கி உண்டு. பகல் சந்தடியில் ஒலி தானே உயரும்; இரவில் தாழும்.

பச்சை எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பது நடைவேகத்தைப் பொறுத்தது. விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற வழக்கமான கணக்கில், 14 மீட்டர் அகல நான்குவழிச் சாலையைக் கடக்க 12 விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கோ 17.5 விநாடி வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பச் சிங்கப்பூர் 2009-இல் ‘கிரீன் மேன் பிளஸ்’ என்ற முறையை அறிமுகப்படுத்தியது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தம் அட்டையைக் கம்பத்தில் காட்டினால், சாலை அகலத்துக்கு ஏற்ப 3 முதல் 13 விநாடிகள் வரை பச்சை நீளும்.

சாலையோடு உள்ள தொடர்பு

சிக்னலை அடைய வழியில்லையெனில் அதனால் பயனில்லை. 150 மில்லிமீட்டர் உயர நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்க 1:12 சரிவில் 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். நீள்கோடுகள் உள்ள ஓடு ‘இவ்வழியே செல்க’ எனவும், புள்ளிகள் உள்ள ஓடு ‘நில், கவனி’ எனவும் பொருள்படும். புள்ளி ஓடுகள் சாய்தளம் முடியுமிடத்தில் இல்லையென்றால், பார்வையற்றவர் தம்மையறியாமல் சாலைக்குள் இறங்கிவிடுவார். இந்தியச் சாலைப் பேரவை பாதசாரி வசதிகளுக்கென வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 (2012, திருத்தம் 2022) இவ்விவரங்களைத் தொகுத்துத் தருகிறது.

இந்தியச் சட்டம்

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், பிரிவு 45-இல், சிவப்பு விளக்குகளில் ஒலிச் சைகை, நடைபாதைச் சரிவுகள், ஜீப்ரா கோட்டில் தொட்டுணரும் பொறிப்பு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஆனால் அரசின் பொருளாதார வரம்புக்கு உட்பட்டே என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது. 2016-ஆம் ஆண்டின் புதிய உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 41-ஆம் பிரிவு அணுகத்தக்க சாலைகளை அரசின் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது.

ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அளித்த தீர்ப்பு, அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக விட்டிருந்த 2017-ஆம் ஆண்டு விதி 15(1) அந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானது என அறிவித்தது; கட்டாய விதிகளை வகுக்குமாறும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். ராஜசீகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என 2025 மே மாதம் அதே நீதிமன்றம் கூறியது. நடைபாதைகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றவையாக இருக்க வேண்டும் என்பதும் அவ்வாணையில் அடங்கும்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இங்கு 11,79,963 மாற்றுத்திறனாளிகளைப் பதிவுசெய்தது. பாதசாரிகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் முன்னுரிமை தரும் இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்றது.

திருவண்ணாமலையின் நிலை

2024-இல் மாநகராட்சியான திருவண்ணாமலை வழியே கிருஷ்ணகிரி–திண்டிவனம், வேலூர்–விழுப்புரம் நெடுஞ்சாலைகள் செல்கின்றன. மலையைச் சுற்றிய கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். அதன் ஒரு பகுதி செங்கம் சாலையாகிய நெடுஞ்சாலை. ரமணாசிரமம் இச்சாலையில்தான் உள்ளது.

கிரிவலம் வருவோர் மலையை வலப்புறம் வைத்து, சாலையின் இடப்புறமாக நடப்பது வழக்கம். இதனால் அதே திசையில் செல்லும் வண்டிகள் அவர்களின் முதுகுப்புறமாக வருகின்றன. ரமணாசிரமத்தைத் தாண்டிக் கிரிவலப் பாதை செங்கம் சாலையிலிருந்து வலப்பக்கம் பிரிகிறது. இடப்புறம் நடந்து வந்தவர் அங்கே நெடுஞ்சாலையைக் கடந்தாக வேண்டும். கண் தெரியாதவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் பாதையின் கடினமான இடங்களுள் இது ஒன்று. மேலும், வெளிப்புறச் சாலைகள் வந்து சேரும் ஒவ்வொரு இடத்திலும் நடப்பவர் ஒரு கடவையைச் சந்திக்கிறார்.

பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்தன்றும் நிலைமை தலைகீழாகிறது. இலட்சக்கணக்கானோர் நடப்பதால் வண்டிகள் திருப்பிவிடப்படுகின்றன. சிக்னலின் இடத்தைக் காவலரின் விசிலும் தடுப்புகளும் பிடிக்கின்றன. வண்டி ஆபத்து குறைந்தாலும், நெரிசலும் ஒலிபெருக்கிகளும் சேர்ந்து கேட்டு நடப்பவரின் திசையுணர்வைக் குலைக்கின்றன. இத்தகைய நாட்களில் ஒலியைவிட அதிர்வும் தரை ஓடுகளுமே நம்பத்தக்கவை. வெறுங்காலுடன் நடப்போர் ஓட்டின் கோட்டையும் புள்ளியையும் செருப்பணிந்தவரைவிடத் தெளிவாக உணர்வர். ஆனால் கோடை நண்பகலில் சுடாத வகையில் அவற்றின் பொருளும் நிறமும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தடுப்புகளுக்கிடையே சக்கர நாற்காலி நுழையும் இடைவெளி விடுவதும், தரை ஓடுகளின்மீது கடையோ அன்னதானப் பந்தலோ அமையாமல் பார்ப்பதும் சிக்னல் அமைப்பின் பகுதியாகவே கருதத்தக்கவை.

பராமரிப்பு

மின்தடையின்போது இயங்க மாற்று மின்கலம் தேவை. பழுதான ஒலிக்கருவி, கருவியே இல்லாததைவிட ஆபத்தானது: நம்பிப் பழகியவர் ஒலி கேட்காதபோது காத்தே நிற்பார்; தவறான வேளையில் ஒலித்தால் வண்டிகளுக்கு நடுவே இறங்குவார். சாலை ஒரு துறைக்கும், நடைபாதை மற்றொரு துறைக்கும், விளக்கை இயக்குவது காவல்துறைக்கும் உரியதாக இருக்கும் ஊர்களில் பழுதுக்குப் பொறுப்பேற்பவரைக் கண்டறிவதே முதல் தடை. எனவே கம்பம்தோறும் புகார் எண்ணை எழுத்திலும் பிரெயிலிலும் பொறிப்பதும், பயன்படுத்துவோரையே அழைத்து ஆண்டுதோறும் சோதிப்பதும் இன்றியமையாதவை. ‘ஃப்ரீ லெஃப்ட்’ நீக்கப்படாத சந்திப்பில் பொருத்தப்படும் ஒலிச் சிக்னல் பாதுகாப்பான கடவையாகாது.