வழிபாடு நின்ற பின்னும் வேலை குறையாத தெய்வங்கள்: கிரேக்கப் பெண் தெய்வங்களும் நவீன கலையும்

கிரேக்கத்தில் அதீனாவுக்கும் அப்ரோடைட்டிக்கும் பொது வழிபாடு நின்றுபோய் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு வருடங்கள் ஆகின்றன. பூசாரிகள் இல்லை, பலி இல்லை, திருவிழா இல்லை. ஆனால் அந்தத் தெய்வங்களுக்கு வேலை குறையவில்லை. வெற்றித் தெய்வம் நைக்கியின் பெயரில் சப்பாத்து விற்கிறார்கள். அதீனாவின் ஆந்தை கிரேக்க நாட்டின் ஒரு யூரோ நாணயத்தில் இருக்கிறது. பரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மிலோ வீனஸ் சிலையின் முன் எப்போதும் கூட்டம். ஓவியர், சிற்பி, ஒளிப்படக் கலைஞர் என்று பலரும் இன்றுவரை இந்தத் தெய்வங்களைத் தங்கள் படைப்புகளுக்குள் அழைத்து வருகிறார்கள்.

முதலில் ஒரு சிறு அறிமுகம். அதீனா அறிவுக்கும் போருக்கும் கைத்தொழிலுக்கும் உரியவள். தலைக்கவசம், ஈட்டி, கேடயம், ஆந்தை ஆகியவை அவளது அடையாளங்கள். அப்ரோடைட்டி காதலின் தெய்வம். ஆர்ட்டெமிஸ் வில்லேந்திய வேட்டைக்காரி. ஹீரா திருமணத்தின் காவலி. டிமீட்டர் தானியத்தின் தாய். ரோமர்கள் இவர்களைத் தங்கள் தெய்வங்களோடு இணைத்து முறையே மினர்வா, வீனஸ், டயானா, ஜூனோ, சீரிஸ் என்று அழைத்தார்கள். ஐரோப்பியக் கலையில் பெரும்பாலும் இந்த ரோமப் பெயர்களே புழங்கின.

இந்த அடையாளங்கள்தான் கலைஞர்களுக்கு வசதி. ஒரு பெண்ணின் தலையில் கவசத்தை வைத்து, பக்கத்தில் ஓர் ஆந்தையை இருத்தினால் போதும், பார்ப்பவர் அதீனா என்று சொல்லிவிடுவார். இந்தத் தெய்வங்களின் பெயரில் ஊர்வலம் போகவோ வழக்குப் போடவோ இன்று ஆட்களும் குறைவு. ஆகவே அந்த வேடம் யாருக்கும் திறந்தே கிடக்கிறது. ஆனால் எந்தக் காலத்தில் யாருக்கு அந்த வேடம் கொடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்படவில்லை என்று வரிசையாகப் பார்த்தால், அந்தந்தக் காலத்துச் சமூகத்தின் கணக்குத் தெளிவாகத் தெரியும். இந்தக் கட்டுரை சில உதாரணங்களோடு அதைப் பார்க்கிறது.

கமரன் அம்மையாரும் இலங்கையும்

ஜூலியா மார்கரெட் கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆவது வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடு, வைட் தீவிலுள்ள தன் வீட்டில் படம் எடுக்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவர்கள், அயலவர்கள், பணிப்பெண்கள் என்று அகப்பட்டவர்களையெல்லாம் இருத்திப் படமெடுத்தார்.

1867இல் அவர் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு ‘எல்ஜின் பளிங்குகளின் பாடங்கள்’. எதன்ஸ் பார்த்தினன் கோவிலின் கிழக்கு முகப்பில், ஒருத்தியின் மடியில் மற்றொருத்தி சாய்ந்திருக்கும் இரு பெண் தெய்வங்கள் இருந்தன. சாய்ந்திருப்பவள் அப்ரோடைட்டி என்பது பொதுவான கருத்து. எல்ஜின் பிரபு பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்த அந்தச் சிற்பங்களைப் பிரித்தானிய அரசு 1816இல் 35,000 பவுணுக்கு வாங்கியது. உயிருள்ள இரண்டு பெண்களை அதே கோலத்தில் இருத்தினார் கமரன். கல்லில் இருந்த துணி மடிப்பு மீண்டும் துணியாகியது. 1872இல் ‘அற்புத உலகில் ஆலிஸ்’ கதைக்குக் காரணமான ஆலிஸ் லிடெல்லை, பழத்தோட்டங்களின் ரோமத் தெய்வமான பொமோனாவாகப் படமெடுத்தார். அவரது வீட்டுப் பணிப்பெண் மேரி ஹிலியர் பல படங்களில் கன்னி மரியாளாக இருந்தார். வீட்டு வேலை செய்த பெண்ணின் முகம் புனிதத்தின் முகமானது அந்த விக்டோரியக் காலத்தில் சாதாரண விடயமல்ல.

இலங்கையில் படித்தவர்களுக்கு கமரன் என்ற பெயர் புதிதல்ல. பாடசாலை வரலாற்றுப் பாடத்தில் வந்த கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தின் கமரன்தான் இவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். அவர்களுக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜூலியா 1879இல் அங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

இலங்கையிலும் அவர் உள்ளூர் மக்களைப் படமெடுத்தார். ஆனால் அந்தப் படங்களில் பொமோனா இல்லை. 1878இல் எடுத்த ஒரு படத்துக்கு ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்று பெயர். அதில் நிற்பவர்கள் யார் யார் என்று தலைப்புச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பணிப்பெண்ணைக்கூட உயர்த்திப் பார்த்த அதே கண், இங்கே வந்ததும் ஆட்களை வகைப்படுத்தி நின்றுவிட்டது. அவர் கெட்டவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. தெய்வ வேடத்துக்கு ஓர் எல்லை இருந்தது, அந்த எல்லை கடல் கடந்து வரவில்லை என்பதே விடயம்.

1935: சீமாட்டிகளின் முறை

இலண்டனில் மடம் யெவொண்ட் என்ற பெயரில் தொழில் செய்தவர் யெவொண்ட் மிடில்டன் (1893 – 1975). இளம் வயதில் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தில் சேர்ந்தவர். 1914இலேயே சொந்த ஸ்ரூடியோ திறந்தார். வண்ணப் படத்தைப் பலரும் கொச்சையானது என்று ஒதுக்கிய நாட்களில் அவர் வண்ணத்தின் பக்கம் நின்றார். அவர் பயன்படுத்திய விவெக்ஸ் முறையில் ஒரு காட்சி மூன்று தனித்தனித் தகடுகளில் பதிவாகி, மூன்று நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகும்.

1935 மார்ச் 5ஆம் திகதி இலண்டன் கிளாரிஜஸ் ஹோட்டலில் உயர்குடிப் பெண்கள் கிரேக்கத் தெய்வங்களாக உடுத்து வந்த ஒரு விருந்து நடந்தது. அதிலிருந்து யெவொண்டுக்கு யோசனை பிறந்தது. அந்தப் பெண்களில் பலரையும் வேறு சிலரையும் ஸ்ரூடியோவுக்கு அழைத்துத் ‘தெய்வங்கள்’ என்ற வரிசைப் படங்களை எடுத்தார். சீமாட்டி பால்கன் தலைக்கவசமும் ஆந்தையுமாக மினர்வா ஆனார்; கையில் ஈட்டிக்குப் பதில் ஒரு கைத்துப்பாக்கி. திருமதி எட்வர்ட் மேயர் தலையில் பாம்புகளோடு மெடூசாவானார். பின்னாளில் பிரதமரான அந்தோனி ஈடனின் மனைவி, வரலாற்றின் தெய்வமான கிளையோ ஆனார்.

ஒரு சின்ன விடயம் கவனிக்கத்தக்கது. தெய்வமாக நின்ற பெண்கள் பலரும் தலைப்பில் கணவர் பெயரால்தான் குறிக்கப்பட்டார்கள்: திருமதி அந்தோனி ஈடன், திருமதி எட்வர்ட் மேயர், திருமதி பிரையன் கினஸ். மெடூசாவாக மாறிய பின்னும் எட்வர்டின் மனைவிதான். யெவொண்டின் படங்களில் கேலியும் கோபமும் கலந்திருப்பதாகப் பலர் உணர்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1939இல் போர் வந்தது. விவெக்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. அவரது வண்ணக் காலமும் அதோடு நின்றது.

வெள்ளைப் பளிங்கு என்ற நம்பிக்கை

யெவொண்ட் தெய்வங்களை வண்ணத்தில் எடுத்தது விளையாட்டுப்போலத் தெரியலாம். உண்மையில் பழைய கிரேக்கத்துக்கு அவர்தான் நெருக்கம். அக்காலச் சிலைகளுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வண்ணம் தீட்டியிருந்தார்கள். மண்ணுக்குள்ளும் மழையிலும் கிடந்து வண்ணம் போன பின்பே அவை ஐரோப்பியர் கண்ணில் பட்டன. வெள்ளைதான் அழகு, வெள்ளைதான் தூய்மை என்று ஒரு கோட்பாடு வளர்ந்தது. நிறத்தை வைத்து மனிதரைத் தரம் பிரித்த காலத்தில் அந்தக் கோட்பாடு சிற்பத்தோடு மட்டும் நிற்கவில்லை.

யெவொண்ட் தன் படங்களை எடுத்து மூன்று வருடம்கூட ஆகாத நிலையில், அதே இலண்டனில், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பார்த்தினன் சிற்பங்களை வெள்ளையாக்கச் சுரண்டினார்கள். 1937 – 38இல் செப்புக் கருவிகளால் நடந்த அந்த வேலையில் சிற்பங்களின் மேற்பரப்பு சேதமாகியது. ஜேர்மன் அறிஞர் வின்சென்ஸ் பிரிங்க்மனின் குழு, எஞ்சிய வண்ணத் தடயங்களை ஆராய்ந்து செய்த வண்ணப் பிரதிகளை 2003இல் மியூனிக்கில் காட்சிக்கு வைத்தது. பல நாடுகளுக்குச் சென்ற அந்தக் கண்காட்சி, வெள்ளைத் தெய்வங்கள் என்ற நம்பிக்கையைப் பொதுமக்கள் மத்தியில் அசைத்தது.

அகதிப் பெண்ணின் கமரா

கிரேக்கர்களே இந்தத் தெய்வங்களை எப்படிப் பார்த்தார்கள்? இதற்கு நெல்லிஸ் என்ற பெயரில் அறியப்பட்ட எல்லி செராயிதாரியின் வாழ்க்கை நல்ல உதாரணம். இவர் 1899இல் இன்றைய துருக்கியிலுள்ள அய்தின் நகரத்தில், கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தார். கிரேக்க – துருக்கிப் போரில் அந்த நகரம் எரிந்தது. 1923 லோசான் உடன்படிக்கையின்படி நடந்த மக்கள் பரிமாற்றத்தையும் சேர்த்து, சுமார் 12 இலட்சம் கிரேக்கர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை இழந்தார்கள். ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஒளிப்படக் கலை படித்த நெல்லிஸ், 1920களின் நடுவில் எதன்ஸில் ஸ்ரூடியோ திறந்தார்.

அங்கே அகதிகளைப் படமெடுத்தார். அதே காலத்தில் பரிஸ் நடனக் கலைஞர் மோனா பைவாவைப் பார்த்தினன் தூண்களுக்கிடையே ஆடையின்றிப் படமெடுத்தார். சில வருடங்களின் பின் நிகோல்ஸ்கா என்ற நடனக் கலைஞர், மெல்லிய துணி காற்றில் பறக்க அதே இடத்தில் பாய்ந்த கணத்தையும் பதிந்தார். எதன்ஸில் பெரும் சர்ச்சை எழுந்தது.

1936இல் மெற்றாக்சாஸ் சர்வாதிகாரியாக வந்தார். நெல்லிஸின் படங்கள் அந்த அரசின் பிரசாரத்துக்குப் பயன்பட்டன. பழைய சிலையின் முகத்தையும் இன்றைய கிராமத்தவரின் முகத்தையும் அருகருகே வைத்து, இருவரும் ஒரே இரத்தம் என்று காட்டும் படங்களை அவர் செய்தார். 1939இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியின் கிரேக்க மண்டபத்தில் அவரது ஒட்டுப் படங்கள் பெரிதாக வைக்கப்பட்டன. இதே எண்ணத்தின் பயங்கரமான வடிவம் ஜேர்மனியில் நடந்தது. லெனி ரீபென்ஸ்டாலின் ‘ஒலிம்பியா’ (1938) திரைப்படத்தின் தொடக்கத்தில் கிரேக்கச் சிலை ஒன்று உயிருள்ள ஜேர்மன் வீரனாக மாறுகிறது. யெவொண்டின் வரிசையில் வீனஸாக நின்ற திருமதி கினஸ், 1936இல் பெர்லினில் கோயபல்ஸின் வீட்டில் வைத்துப் பிரித்தானியப் பாசிசத் தலைவர் மோஸ்லியை மணந்தார், ஹிட்லரும் விருந்தினர்.

வீட்டை இழந்து வந்தவர்களுக்கு நெல்லிஸின் மனம் ஓரளவு விளங்கும். புதிய மண்ணில் ‘நீ யார்’ என்று கேட்கும்போது, மூவாயிரம் வருடப் பழமையைக் காட்ட ஆசை வரும். நானும் அந்த ஆசை தெரிந்தவன். பழமையைப் போற்றுவதில் பிழையில்லை. ஆனால் முகச்சாயலையும் இரத்தத்தையும் சான்றாக வைத்து ‘இந்த மண் எங்களுக்கு மட்டும்’ என்று பேசத் தொடங்கும்போது, அந்தப் பேச்சு அடுத்த அகதிக் கூட்டத்தை உண்டாக்குகிறது. அய்தினிலிருந்து நெல்லிஸின் குடும்பத்தைத் துரத்தியதும் அப்படியொரு பேச்சுத்தான்.

கை இல்லாத வீனஸ்

1820இல் மிலோஸ் தீவில் ஒரு விவசாயி கண்டெடுத்த வீனஸ் சிலை 2.04 மீற்றர் உயரம், கைகள் இல்லை. 1821இல் லூவருக்கு வந்த நாள் முதல் பெண்ணழகின் அளவுகோலாகச் சொல்லப்படுகிறது. 1936இல் சல்வடோர் டாலி அதன் பிரதியில் இழுப்பறைகளைப் பொருத்தினார். அது வேடிக்கை. அதைவிடக் கடினமான கேள்வியைப் பின்னர் வந்தவர்கள் கேட்டார்கள்: கல்லில் கையில்லாவிட்டால் அழகு, மனிதரில் கையில்லாவிட்டால் மட்டும் ஏன் முகத்தைத் திருப்புகிறோம்?

கைகளின்றிப் பிறந்த அயர்லாந்துக் கலைஞர் மேரி டபி, 1987இல் தன்னையே வெள்ளைத் துணியில் சுற்றி, அது மெல்ல அவிழ்வதைப் படவரிசையாக்கினார். 2005இல் மார்க் குவின், அதேபோலப் பிறந்த ஓவியர் அலிசன் லாப்பரைக் கர்ப்பிணிக் கோலத்தில் 3.55 மீற்றர் உயர வெள்ளைப் பளிங்கில் செதுக்குவித்தார். இலண்டன் ட்ரபால்கர் சதுக்கத்தில் 2007 வரை அந்தச் சிலை இருந்தது. அழகில்லை என்று பலர் முணுமுணுத்தார்கள். அதே சதுக்கத்தின் உயரமான தூணில் நிற்கும் நெல்சனுக்கும் ஒரு கை இல்லை.

ஒரே மேசையில் காளியும்

அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிக்காகோ 1974 முதல் 1979 வரை பலரின் உழைப்போடு ‘இராவிருந்து’ என்ற படைப்பை உருவாக்கினார். முக்கோண மேசையில் 39 பெண்களுக்கு இடம். தரை ஓடுகளில் இன்னும் 999 பெயர்கள். கிரீட் தீவின் பாம்புத் தெய்வமும் பபிலோனியாவின் இஷ்தாரும் இருக்கும் வரிசையில் நமது காளிக்கும் ஓர் இடம் உண்டு. மற்றவர்களுக்கு வழிபாடு நின்றுவிட்டது; காளிக்கு இன்றும் பொங்கல் வைக்கிறோம். அந்த மேசைக்கும் குறை சொல்லப்பட்டது. இத்தனை பேரில் கறுப்பினப் பெண்ணுக்கு ஒரேயோர் இடம்தானா, அதுவும் மற்றத் தட்டுகளைப் போல் இல்லாமல் வேறுவிதமாகவா என்று எழுத்தாளர் அலிஸ் வோக்கர் கேட்டார். நியாயமான கேள்வி.

எங்கே பார்க்கலாம்

கமரனின் படங்கள் இலண்டன் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் பெருந்தொகையாக உள்ளன. யெவொண்டின் தொகுப்பு இலண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் உள்ளது. 2023இல் அவருக்காகத் தனிக் கண்காட்சியும் நடந்தது. நெல்லிஸின் படங்கள் எதன்ஸ் பெனாக்கி அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். ‘இராவிருந்து’ நியூயோர்க் புறூக்ளின் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள், இது எந்தத் தெய்வம் என்று தலைப்பில் பார்த்த பின், அந்த வேடத்தில் நிற்கும் பெண்ணின் சொந்தப் பெயர் அங்கே இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.